நாலு முழம் மல்லி

புதுமனை புகுவிழாக்களில் குவியும் சுவர்க்கடிகாரங்களும் எவர்சில்வர் குடங்களும் பெட்டி பிரிக்கப்படாமலே பரணேறுகின்றன. எனக்குப் பிடித்த பரிசு மதுரை மல்லி. அதிகாலையில் மொட்டாகப் பறித்து மாட்டுத்தாவணிச் சந்தைக்கு வருவது. இதழ் தடித்தது, சீக்கிரம் வாடாது. 2013-இல் புவிசார் குறியீடும் பெற்றது. நெருக்கமாகக் கட்டியிருக்கிறார்களா, இடையில் நார் தெரிகிறதா என்று பார்த்துத்தான் வாங்குவேன். பெரியம்மாவுக்கு நாலு முழம் கொடுத்தால் ஒரு முழம் சாமி படத்துக்குப் போகும், ஒரு கிள்ளு பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் போகும். பெற்றவரையே கொடுப்பவராக்கும் பரிசு வேறெது? சாயங்காலம் மொட்டவிழும்போது வீடே மணக்கும். வாடியதும் செடிக்கு உரம்.

பூ வைக்காதவர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அரைக்கிலோ. பாலும் சர்க்கரையும் சுண்டிய ருசி. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மறுநாளே தீர்ந்துவிடும்.