பத்தாவது பாட்டிலும் வராத பிள்ளை

பிள்ளைத்தமிழ் என்று பேச்செடுத்தாலே போதும், ‘குழந்தை வளர்ச்சிப் படிநிலைகளை நம் முன்னோர் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்று யாராவது சொல்லிவிடுவார். கைதட்டலும் கிடைக்கும். எனக்கென்னவோ இந்தப் பெருமை அந்தப் பாடல்களைக் கெடுக்கிறது என்றே படுகிறது.

பாட்டியல் மரபு ஒரு கணக்குச் சொல்கிறது. 3ஆம் மாதம் காப்பு, 5இல் செங்கீரை, 9இல் சப்பாணி, 13இல் வருகை என ஒற்றைப்படையாகவே போய் 21இல் முடியும். கொஞ்சம் பொருந்தத்தான் செய்கிறது. துணையில்லாமல் நடக்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம்வரை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் சொன்னது. 13 அதற்கு நடுவில்தான் வருகிறது. ஆனால் அதே கணக்கைப் பெண்பாலுக்குப் போட்டுப் பாருங்கள். அம்மானை என்பது காய்களை மாறி மாறி எறிந்து பிடிக்கும் ஆட்டம். இரண்டு வயசுகூட ஆகாத பிள்ளை ஒரு பந்தைப் பிடித்தாலே நாம் வீடியோ எடுக்கிறோம்!

குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தின் கேள்விகள் பெற்றோரிடம் கேட்கப்படுபவை. தட்டுகிறதா, நடக்கிறதா, இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசுகிறதா? அது தேவைதான், தாமதத்தைச் சீக்கிரம் கண்டுபிடிக்க உதவுகிறது. பிள்ளைத்தமிழ் குழந்தையைப் பார்த்தே பேசுகிறது. தட்டு, வா, முத்தம் கொடு என்று. ஒரு பருவத்துக்குப் பத்துப் பாட்டு. முதல் பாட்டில் கேட்டதையே பத்தாவதிலும் கேட்கிறார்கள். குழந்தை வந்துவிட்டது என்று வருகைப் பருவம் முடிவதில்லை. அடுத்து அம்புலி, அங்கே நிலாவைக் கெஞ்சுகிறார்கள், மிரட்டுகிறார்கள். அதுவும் வராது. தேர்வுக்குப் படித்தபோது ‘ஒரே மாதிரி இருக்கு’ என்று சலித்துக்கொண்டோமே, அந்த ஒரே மாதிரிதான் விஷயம். பேச்சு தாமதமான பிள்ளையிடம் தினமும் ‘அம்மா சொல்லு’ என்று கேட்கிறவர்களுக்கு இது புரியும்.

குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றியபோது மீனாட்சியே சிறுமியாக வந்து, திருமலை நாயக்கரின் முத்துமாலையைக் கழற்றிக் கவிஞர் கழுத்தில் போட்டாள் என்று ஒரு கதை உண்டு. பாட்டுக்குள் கடைசிவரை வராதவளைக் கேட்டவர்கள் கதைக்குள் வரவழைத்திருக்கிறார்கள். இந்த நூலுக்கு அதைவிட நல்ல விமர்சனம் எழுதப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

ஆண்பாலில் சிற்றில் பருவம் வந்ததும் எல்லாம் தலைகீழ். வா வா என்று கூப்பிட்ட பிள்ளைக்கு இப்போது கால் முளைத்துவிட்டது. மணல்வீடு கட்டிய சிறுமிகள் அவன் வருவதைப் பார்த்துப் பதறி, எங்கள் வீட்டை மிதிக்காதே என்று கெஞ்ச ஆரம்பிக்கிறார்கள். அதுவும் பத்துப் பாட்டு.