பண்டிகை வாழ்த்தும் நம் விசுவாசமும்

டிசம்பர் மாதம் பிறந்ததும் நம் இல்லங்களுக்கு வாழ்த்துகள் வந்து சேர்கின்றன. அவற்றுள் பல, கிறிஸ்துவை ஆண்டவர் என அறிக்கையிடாதவர்கள் கூறுபவை. அடுத்த வீட்டு இந்து அன்பரின் வாழ்த்தை மகிழ்வுடன் ஏற்று, கேக் கொடுத்து அனுப்புகிறோம். ஆனால் தீபாவளியன்று அவரே பலகாரத் தட்டுடன் நம் வாசலில் நிற்கையில் நம்மில் பலருக்கு நா எழுவதில்லை. தட்டை வாங்கிக்கொண்டு வேறு எதையோ பேசி அனுப்பிவிடுகிறோம். இம்மௌனம் விசுவாசத்தின் உறுதியைக் காட்டுகிறதா, அச்சத்தைக் காட்டுகிறதா என்பது ஆராயத்தக்கது.

இதற்கு ஆதாரமாகப் பெரும்பாலும் எடுத்துக் காட்டப்படுவது 2 யோவான் 10, 11 வசனங்கள். கிறிஸ்துவின் உபதேசத்தைக் கொண்டுவராதவனை வீட்டில் ஏற்கவும் வாழ்த்தவும் கூடாது என்பது அவற்றின் கருத்து. இது யாரைக் குறித்தது? ஏழாம் வசனமே விடை தருகிறது. இயேசு கிறிஸ்து மாம்சத்தில் வந்ததை மறுத்துத் திரிந்த போதகரைக் குறித்தது. அந்நாளில் சபை வீடுகளிலே கூடியது. ஆகவே அத்தகையோரை வீட்டில் ஏற்று வாழ்த்துதல், அவர்தம் போதனைக்குச் சபையில் இடங்கொடுப்பதாகும். பலகாரத் தட்டுடன் வரும் அயலார் நம் சபைக்குப் போதிக்க வரவில்லை. அவர்மேல் இவ்வசனத்தை ஏவுவது தவறு.

அயலாரைக் குறித்த வாக்கு மலைப்பிரசங்கத்தில் உண்டு. சகோதரரை மட்டும் வாழ்த்துவதில் சிறப்பு ஏதுமில்லை என ஆண்டவர் உணர்த்துகிறார் (மத்தேயு 5:47). ஆயக்காரரும் அவ்வாறே செய்வர் என்பது நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு. தொன்மையான கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளிலோ அவ்விடத்தில் புறஜாதியார் என்றே காணப்படுகிறது. நாம் யாரை வாழ்த்தத் தயங்குகிறோமோ அவரையே ஆண்டவர் நமக்கு அளவுகோலாக நிறுத்துகிறார். நம் திருநாளில் நம்மைத் தேடி வந்து வாழ்த்தும் அயலார், இவ்வொன்றில் நம்மை முந்திவிட்டார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

வாழ்த்துதல் பிறர் வழிபாட்டுக்கு உடன்படுவதாகாதா எனச் சிலர் வினவுவர். இவ்வினாவை எளிதில் தள்ளலாகாது. 1 கொரிந்தியர் 10ஆம் அதிகாரத்தில் பவுல், விக்கிரக ஆராதனைக்கு விலகி ஓடக் கட்டளையிடுகிறார். அதே அதிகாரத்தில், அவிசுவாசி ஒருவன் விருந்துக்கு அழைத்தால் சென்று, முன்வைக்கப்படுவதை வினவாமல் உண்ணவும் இடங்கொடுக்கிறார். படையலென ஒருவன் அறிவித்தால், அவன் மனச்சாட்சியின் நிமித்தம் விலகச் சொல்கிறார். பீடம் வேறு, பந்தி வேறு. அயலார் இல்லம் நலமாயிருக்க விரும்பிக் கூறும் சொல் பந்தியைச் சார்ந்தது. அந்நலத்தை அருள்பவர் யார் என்பதில் நம் விசுவாசம் சிறிதும் மாறுவதில்லை.

சொல்லின் வரலாறும் இதற்குத் துணைநிற்கிறது. கிரேக்கர் தம் கடிதங்களைக் 'கைரெய்ன்' என்னும் வாழ்த்துடன் தொடங்கினர். ரோமச் சேனாபதி லீசியா தேசாதிபதி பேலிக்ஸுக்கு எழுதியதும் (அப்போஸ்தலர் 23:26), எருசலேம் சபை அந்தியோகியாவுக்கு எழுதியதும் (15:23), யாக்கோபின் நிருபமும் இச்சொல்லையே கொண்டவை. உலக வழக்கிலிருந்த சொல்லைத் திருச்சபை அஞ்சவில்லை. பவுல் அதே வேரில் பிறந்த 'காரிஸ்', அதாவது கிருபை, என்னும் சொல்லை எடுத்து, எபிரேயரின் சமாதானத்தையும் அதனுடன் இணைத்தார். யோவான் விலக்கிய வாழ்த்தும் 'கைரெய்ன்' என்பதே. தோட்டத்தில் யூதாஸ் ஆண்டவரை வாழ்த்தியதும், முள்முடி சூட்டிய போர்ச்சேவகர் வாழ்த்தியதும் இச்சொல்லின் மற்றொரு வடிவத்தாலேயே. ஆகவே ஒருவன் எந்தச் சொல்லைக் கூறினான் என்பதைக் கொண்டு மட்டும் அவன் சமயத்தை அளக்க இயலாது.

இதனால், வாய்க்கு வந்தபடி வாழ்த்திவிட்டால் போதும் என எண்ணலாகாது. பெரிய வெள்ளியன்று நண்பர் ஒருவர் 'குட் ஃபிரைடே வாழ்த்துகள்' என்றால் நாம் புன்னகைக்கிறோம். நாமோ முகரம் விடுமுறையன்று முஸ்லிம் அன்பர்களைத் தயங்காமல் வாழ்த்துகிறோம். கி.பி. 680இல் கர்பலாவில் இமாம் ஹுசைன் கொல்லப்பட்ட அந்நாள் ஷியா பிரிவினருக்குத் துக்க நாள் என்பதை நினைப்பதில்லை. இறப்பு நிகழ்ந்த இந்து இல்லங்களில் அவ்வாண்டு தீபாவளி கொண்டாடும் வழக்கமில்லை. அவ்வில்லத்தில் வாழ்த்தைவிட, சென்று சற்று நேரம் உடன் அமர்ந்திருப்பதே தகும். மகிழ்வோருடன் மகிழ்ந்து அழுவோருடன் அழக் கற்பிக்கும் ரோமர் 12:15, அவர்கள் யார் யார் எனப் பிரித்துக் கூறவில்லை.

போதகர்களாகிய நாம் தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு இதனைச் சபையாருக்கு விளக்குதல் நலம். மனச்சாட்சி இடங்கொடாதவர்களை வற்புறுத்தலாகாது. அவர்களும் அயலாரின் நலம் விசாரித்து, அவர் இல்லத்துக்காக ஜெபிக்கலாம். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பக்தியென எவரும் எண்ணாதிருக்கக் கற்பிப்பது நம் கடமை. நற்செய்தியை நம் வாயிலிருந்து ஒருநாள் கேட்கவேண்டியவர், அதற்கு முன் அவ்வாயிலிருந்து ஒரு நல்ல சொல்லைக் கேட்டிருக்க வேண்டுமல்லவா?