முதுகெலும்பும் பருவமும்: ‘சமகால நடனம்’ என்ற சொல்லாடல் குறித்து

‘சமகால நடனம்’ என்கிற தொடர் காலத்தைச் சொல்வதுபோலத் தோன்றினாலும், நம்மிடையே அது சுட்டுவது இடத்தைத்தான். பெசன்ட் நகரில் ஆடினால் சமகாலம். விருதுநகரில் பங்குனிப் பொங்கலுக்கு ஆடினால் ‘நாட்டார் கலை’, அதாவது கடந்த காலம். இரண்டும் ஒரே வருஷத்தில், ஒரே மாநிலத்தில், உயிரோடிருக்கிற மனுஷிகள் ஆடுவதுதான். ஆனாலும் ஒருத்தி இன்றைக்கு ஆடுகிறாள், மற்றவள் நேற்றைக்கு ஆடுகிறாள். இது என்ன கணக்கு?

பருவத்திலிருந்து தொடங்கலாம். சென்னையின் நடன வருஷம் மார்கழியில் இருக்கிறது. 1927 டிசம்பரில் அங்கே கூடிய காங்கிரஸ் மாநாட்டையொட்டி இசை மாநாடு நடந்தது, மறுவருஷம் மியூசிக் அகாதெமி வந்தது, டிசம்பர் நிலைத்துவிட்டது. சபா மரபுக்கு மாற்றாக 1998இல் அனிதா ரத்னம் முன்னின்று தொடங்கிய ‘தி அதர் ஃபெஸ்டிவல்’கூட டிசம்பரையே எடுத்துக்கொண்டது. மேடையில் உடைப்பு நடந்தது, காலண்டரில் நடக்கவில்லை. ஐரோப்பாவில் நவீன நடனத்தின் பருவம் கோடை. அவிஞ்ஞோன் விழா ஜூலையில். வியன்னாவின் ‘இம்பல்ஸ்டான்ஸ்’ 1984லிருந்து கோடையில்தான் நடக்கிறது. அங்கே கோடை என்றால் விடுமுறை.

கரிசல் காட்டிலும் ஆட்டத்தின் பருவம் கோடைதான். வெள்ளாமை எடுத்து முடிந்து நிலம் வெடித்துக் கிடக்கிற மாதங்கள். அம்மை காணும் என்று பயந்த மாதங்கள். விருதுநகர் பராசக்தி மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல், சிவகாசி பத்ரகாளியம்மனுக்குச் சித்திரைப் பொங்கல். அக்கினிச்சட்டியும் கரகமும் நையாண்டி மேளமும் வெக்கையோடு சேர்ந்து வருகின்றன. ஓய்வின் கோடை அல்ல இது. தாங்கிக்கொள்ள வேண்டிய கோடை. ஆக, பருவமே பார்வையாளரைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது. யாருக்கு எப்போது கை ஒழிகிறது என்பதுதான் விழாக்களின் அரசியல்.

சந்திரலேகாவைப் (1928–2006) பேசாமல் இதைத் தாண்ட முடியாது. காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் பரதம் கற்று, ஆடிப் பெயரெடுத்து, பிறகு விட்டு விலகி, போஸ்டர் வரைந்து, பெண்கள் இயக்கங்களோடு வேலை செய்து, 1985இல் ‘அங்கிகா’வோடு திரும்பி வந்தவர். நகை போயிற்று, நாயகன் போனான், தெய்வத்துக்காக உருகும் நாயகி போனாள். அடவும் யோகமும் களரியும் மட்டும் மிஞ்சின. சிவகாசியில் அச்சாகி வீட்டுச் சுவர்தோறும் தொங்கிய காலண்டர் தெய்வங்களைப் போல நேர்முகமாக நின்று நம்மைப் பார்த்த உடலை, அவர் பக்கவாட்டில் திருப்பினார், தரையில் கிடத்தினார். 1991இன் ‘ஸ்ரீ’யில் பெண்கள் கூனிய முதுகோடு நடந்து வருகிறார்கள். பெண்ணின் வரலாற்றை அவர் முகத்தில் எழுதவில்லை, முதுகெலும்பில் எழுதினார். தமிழ்ச் சூழலில் உடல் பற்றி முன்வைக்கப்பட்ட முக்கியமான கருத்தாக்கங்களில் ஒன்று இது. அதைக் கவிதைக்காரர்கள் கவனித்த அளவுக்கு விமர்சகர்கள் கவனிக்கவில்லை.

இந்தக் கூனிய முதுகுக்கு இங்கே விலாசம் உண்டு. தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்குகிற பெண்ணின் முதுகு அது. சட்டத்தில் வரிவரியாகக் குச்சியை அடுக்க வேண்டும்; கட்டைக்கு இவ்வளவு என்று கூலி. பட்டாசு ஆபீஸில் சரம் பின்னுகிறவளுக்கும் அப்படித்தான். திரும்பத் திரும்ப ஒரே அசைவு, கண் பார்க்காமலே கை போகும் வேகம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை போட்டபோது, சட்டத்தின் கணக்கில் ஓர் அசைவே வேலையிழந்தது. நவீன நடனம் ‘திரும்பச் செய்தல்’ என்பதை ஓர் அழகியல் உத்தியாகக் கொண்டாடுகிறது. இங்கே அது பீஸ் ரேட். மேடையில் மெதுவாக அசைவதற்கு ஒரு தியானத் தன்மை கற்பிக்கப்படுகிறது. மருந்து செலுத்தும் அறையிலும் மெதுவாகத்தான் அசைய வேண்டும். உரசினால் உயிர் போகும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். இதைச் சொல்வது சென்னை மேடையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு அல்ல. அந்த மேடை கண்டுபிடித்த கேள்வி அதன் பார்வையாளர்களைவிடப் பெரியது என்று சொல்வதற்குத்தான்.

பகலெல்லாம் குனிந்திருந்தவர்கள் கோடை ராத்திரியில் பார்க்கப் போவது எதை? தலையில் செம்பை வைத்து, கை தொடாமல், முதுகை நட்டமாக நிறுத்தி ஆடுகிற ஒருத்தியை. ஆட்டக் கரகத்தின் இலக்கணம் முழுக்க முதுகெலும்பில் இருக்கிறது. காலும் இடுப்பும் தவிலுக்கு ஓடும். கழுத்திலிருந்து மேலே எதுவும் நடக்காததுபோல் இருக்க வேண்டும். ஏணியில் ஏறினாலும் பின்னால் வளைந்து தரையிலிருக்கும் ரூபாய் நோட்டை எடுத்தாலும் செம்பு சரியக் கூடாது. முதுகெலும்பைத் தேடி யோகத்துக்கும் களரிக்கும் போன நமது நவீன நடனம், கரகத்தின் பக்கம் அதே தீவிரத்தோடு திரும்பியதில்லை.

‘அப்போ கரகம்தான் விடுதலை’ என்று கொடி பிடிக்கவும் முடியாது. நட்டமாக நிற்கிற அதே உடம்பை நோக்கித்தான் கோமாளியின் இரட்டை அர்த்தம் வீசப்படுகிறது. சட்டையில் ரூபாய் குத்த வருகிற கை வருகிறது. ‘ஆபாசம் கூடாது’ என்று போலீஸும் கோர்ட்டும் போடும் நிபந்தனைகள் ஆடுகிறவளின் உடையை அளக்கின்றன, குத்த வருகிற கையை அளப்பதில்லை. 1947இல் தேவதாசி முறையை ஒழித்த சட்டத்தைச் சுற்றி நடந்த ஒழுக்கப் பேச்சின் மிச்சம் இதில் இல்லையா? ‘சுத்தமான’ ஆட்டம் சபாவுக்குப் போனது; ‘அசுத்தம்’ என்ற பழி கூலிக்கு ஆடுகிறவள் தலையில், செம்போடு சேர்ந்து, ஏறியது.

2007இல் ‘சென்னை சங்கமம்’ கரகத்தைப் பட்டணத்துப் பூங்காக்களுக்குக் கொண்டுபோனது. 2023இல் அரசு அதை மறுபடி தொடங்கியது. கூலி கிடைத்தது, மரியாதை கிடைத்தது, நல்லதுதான். ஆனால் அது பொங்கல் சமயத்தில், ‘மண்ணின் கலை’யாகத்தான் போனது. பாதுகாக்கப்பட வேண்டியது என்ற பட்டத்தைக் கொடுத்துவிட்டால், விமர்சிக்கப்பட வேண்டியது என்ற தகுதி பறிபோய்விடுகிறது. எந்தக் கரகக்காரியின் எந்த ஆட்டத்தைப் பற்றி, இது போன வருஷத்தைவிட இறுக்கமாக இருந்தது, இந்த இடத்தில் தாளத்தை மீறினாள், இங்கே சும்மா பழக்கத்தில் ஆடினாள் என்று நாம் எழுதியிருக்கிறோம்? பெயரைக்கூட எழுதுவதில்லை, ‘குழுவினர்’ என்று முடித்துவிடுகிறோம். பத்மினி செட்டூரின் ஒரு அசைவுக்கு ஒரு பத்தி கொடுக்கிறோம். கொடுக்க வேண்டியதுதான், அந்தக் கறாரான வேலை அதைக் கோருகிறது. அந்தப் பத்தியை இன்னொருத்திக்குக் கொடுக்க மறுப்பதில்தான் ‘சமகாலம்’ கட்டமைக்கப்படுகிறது.

ஆக, சிக்கல் ஆடுகிறவர்களிடத்தில் இல்லை, விமர்சன மொழியிடத்தில் இருக்கிறது. ஒன்றுக்கு அழகியல், மற்றதற்கு இனவரைவியல் என்று இரண்டு கணக்கு நோட்டு வைத்திருக்கிறோம். சந்திரலேகா விட்டுச்சென்ற முதுகெலும்பு என்ற ஒரே அளவுகோலை எடுத்துக்கொண்டு, பங்குனி ராத்திரியில் ஒரு ஆட்டத்தை முழுசாகப் பார்த்து, ஆடியவளின் பெயரைப் போட்டு, அவளுக்கும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த கட்டை அடுக்குகிற பெண்ணுக்கும் இடையில் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். அதற்கான சொற்கள் தமிழில் இன்னும் சரியாகச் சேரவில்லை. சேர்க்கிற வேலையை மார்கழியில் உட்கார்ந்து செய்ய முடியாது.