ஓட்டின் உட்பக்கம்: கொழுப்பு, காலம், அதிகாரம்

பானை ஓட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு. தொல்லியல் என்கிற அறிவுத்துறை நூறு வருஷத்துக்கும் மேலாக அதன் வெளிப்பக்கத்தையே பெரும்பாலும் ஒரு பிரதியாக வாசித்து வந்திருக்கிறது. நிறம், மெருகு, கோடு, கீறல், எழுத்து. இவற்றிலிருந்து 'வகை', வகையிலிருந்து 'பண்பாடு', பண்பாட்டிலிருந்து 'இனம்'. ஜெர்மனியில் குஸ்தாவ் கொசின்னா (1858–1931) இந்தச் சங்கிலியைக் கட்டிக் கொடுத்தார். அவர் செத்தபிறகு நாஜிகள் அதை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பது தெரிந்த கதைதான். கொசின்னாவை எல்லோரும் திட்டியாயிற்று. ஆனால் வெளிப்பக்கத்தை வாசிக்கிற பழக்கம் விடவில்லை. கோடோ பூவோ இல்லாத மொட்டைச் சட்டிக்குச் சொந்தமாகக் காலம் கிடையாது. பக்கத்தில் கிடந்த கரித்துண்டின் காலமே அதற்கும்.

சரி, உட்பக்கத்தில் என்ன இருக்கு? எங்க பக்கம் புதுச்சட்டி வாங்கினால் வடிகஞ்சி ஊற்றிப் பழக்குவார்கள். மீன்சட்டியில் வேறெதையும் வைக்க மாட்டார்கள், எத்தனை தடவை தேய்ச்சாலும் கவிச்சி போகாது. சுட்ட மண்ணின் நுண்துளைகளுக்குள் கொழுப்பு போய் உட்கார்ந்துகொள்ளும் என்பது வேதியியல்காரர்களுக்கு முன்பே அடுக்களைக்குத் தெரியும். ஆயிரக்கணக்கான வருஷம் மண்ணுக்கடியில் கிடந்தாலும் அது அங்கேயே இருக்கக்கூடும் என்பதுதான் ஆய்வுக்கூடம் சேர்த்த செய்தி. கொழுப்பு என்றால் கரிமம். ஆடோ மாடோ உயிரோடிருந்தபோது தீனிவழி உள்ளே போன கதிரியக்கக் கரிமம், பிறகு 5730 வருஷத்துக்குப் பாதி என்று தேய்ந்துகொண்டே வரும். வில்லர்ட் லிப்பி 1949இல் தொடங்கிவைத்த கணக்கு இது.

சட்டியில் ஒட்டிய காந்தலைச் சுரண்டி அப்படியே அளக்கலாமே என்று தோன்றும். அளந்தார்கள். அதில் அடுப்புக்கரியும் மண்ணின் மட்கும் கலந்துவிடுகின்றன. அதைவிட மோசம் மீன். சுண்ணாம்புப் பாறை வழியாக வரும் தண்ணீரில், கதிரியக்கம் என்றோ தீர்ந்துபோன பழங்கரிமம் கரைந்திருக்கும். அதில் வளர்ந்த மீன் பிடிபட்ட அன்றைக்கே 'பழைய' மீன்தான். டென்மார்க்கின் ஓமோசெ சதுப்புநிலத்துப் பானைகளில் இந்தக் கோளாறு சில நூறு வருஷம் வரை வயதைக் கூட்டிக் காட்ட முடியும் என்று 2003இல் எழுதினார்கள். அதாவது மீன்சட்டி கறிச்சட்டிக்கு மூத்ததாக வேஷம் போடும்.

இங்கேதான் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் எம்மானுவேல் கஸநோவா, திமோத்தி நோல்ஸ், ரிச்சர்ட் எவர்ஷெட் முதலானோர் 2020இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட வேலை முக்கியமாகிறது. ஓட்டைப் பொடித்து, ஊறிய கொழுப்பைப் பிரித்து, அதிலிருந்து பால்மிட்டிக், ஸ்டியரிக் என்ற இரண்டு அமிலங்களை மட்டும் தனித்தனியாக வடித்தெடுத்து, தனித்தனியாக அளந்தார்கள். ஒரே சட்டிக்கு இரண்டு சாட்சி. இரண்டும் ஒரே காலத்தைச் சொல்லாவிட்டால் அந்த முடிவு செல்லாது. தன்னையே குறுக்கு விசாரணை செய்துகொள்கிற இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. நம் கோட்பாட்டாளர்களிடம் இது அபூர்வம்.

முறையைச் சோதிக்க அவர்கள் எடுத்துக்கொண்ட இடங்களில் ஒன்று இங்கிலாந்தின் ஸ்வீட் ட்ராக் என்ற சதுப்புநில மரப்பாதை. அதன் மரங்கள் கி.மு. 3807–06இல் வெட்டப்பட்டவை என்று மரவளையங்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தன. பாதையோரம் கிடந்த பானைகளின் கொழுப்பும் அதோடு ஒத்துப்போனது. பிறகு லண்டன் ஷோர்டிட்சில் கிடைத்த 436 சில்லுகள், குறைந்தது 24 கலங்கள். வயது ஏறக்குறைய 5600 வருஷம். உள்ளே மாட்டுக்கறி, ஆட்டுக்கறி, பால்.

என்ன சமைத்தார்கள், எப்போது சமைத்தார்கள் என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே மூலக்கூறு பதில் சொல்கிறது. கரித்துண்டு சொல்வது மரத்தின் காலம். வைரம் பாய்ந்த மரத்தை விறகாக்கியிருந்தால் நூறு வருஷம் கூடவே காட்டும். கொழுப்பு சொல்வது சாப்பாட்டின் காலம். அடுப்பில் ஏறும் சட்டி பொதுவாகப் பல தலைமுறைக்கு நிற்பதில்லையே. இதைப் பார்த்ததும் 'பெண்களின் வரலாறு மீட்கப்பட்டது' என்று எழுதக் கை துறுதுறுக்கும். கொழுப்பு அதைச் சொல்லவில்லை. யார் கிண்டினார்கள், யார் தின்றார்கள், யாருக்குக் கொடுக்காமல் விட்டார்கள் என்பதெல்லாம் ஸ்டியரிக் அமிலத்தில் பதிவாவதில்லை.

நம்ம கதைக்கு வருவோம். தமிழ்நாடு தொல்லியல் துறையின் 2019 கீழடி அறிக்கை கி.மு. 580 என்றது. மியாமியில் அளக்கப்பட்டது 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரிமம், பானை அல்ல. பானையும் அதன்மேல் கீறிய எழுத்தும் மண் அடுக்கைப் பார்த்துக் காலத்தைக் கடன் வாங்கின. அடுக்கு கலையாமல் இருந்தால் இது நேர்மையான கடன்தான். ஆனால் இன்னொன்று இருக்கிறது. கி.மு. 800 முதல் 400 வரை, கரிமக் கணக்கை ஆண்டாக மாற்றித்தரும் வளைகோடு கிட்டத்தட்ட மட்டமாகக் கிடக்கிறது. 'ஹால்ஸ்டாட் பீடபூமி' என்பார்கள். அந்தக் காலத்துப் பொருள் எதை அளந்தாலும் விடை ஒரு வருஷமாக வராது; நூற்றாண்டுக் கணக்கில் நீளும் வீச்சாகத்தான் வரும். மேடையில் ஏறியதும் வீச்சு காணாமல்போய் '580' மட்டும் நிற்கிறது.

2025 மே மாதம் இந்தியத் தொல்லியல் துறை, அமர்நாத் ராமகிருஷ்ணாவின் கீழடி அறிக்கையை, காலப்பகுப்பு உள்பட, திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பியது. அவர் மறுத்தார், மறுத்தது நியாயம். டெல்லியின் சந்தேகம் விஞ்ஞானத்திலிருந்து மட்டும் வருவதல்ல என்றே நான் நினைக்கிறேன். அதற்காக நாமும் ஒற்றை எண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றால், வீச்சைக் காட்டி அவர்கள் சிரிப்பதற்கு நாமே இடம் கொடுத்ததாகும். கொழுப்பை அளந்தால் மட்டும் பீடபூமி கரைந்துவிடாது, அதையும் அதே கோட்டில்தான் வைத்துப் பார்க்கணும். ஆனால் மேலிருந்து கீழாக ஒவ்வொரு அடுக்கிலும் பல சட்டிகளை அளந்து வரிசைக்குள் வைத்தால் வீச்சு சுருங்கும். அளந்தது கரியையா பானையையா என்ற கேள்விக்கு, பானையைத்தான் என்று சொல்ல முடியும்.

முடியுமா என்பது மண்ணையும் பொறுத்தது. அக்ஷ்யேதா சூர்யநாராயண் குழு வடமேற்கு இந்தியாவின் சிந்து நாகரிகப் பானைகளை ஆராய்ந்து 2020 டிசம்பரில் எழுதியது காலக் கணிப்பு அல்ல, உணவுக் கணிப்பு. விலங்குக் கொழுப்பே மிகுதி என்றார்கள்: மாடு அல்லது எருமை, ஆடு, பன்றி. ஆனால் கிடைத்த கொழுப்பு சொற்பம். ஐரோப்பியச் சேற்றிலும் லிபியாவின் வறண்ட தாக்கர்கோரிப் பாறைக்குடையிலும் கொழுப்பு பிழைத்திருக்கிறது. வெயிலும் மழையும் மாறிமாறி அடிக்கிற நம் மண்ணில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பதை அளந்து பார்த்துத்தான் சொல்லணும். அந்தச் சொற்பத்தில் மாட்டின் உணவும் தேதியும் சேர்ந்தே இருந்துவிட்டால், தொல்சமூகம் என்ன தின்றது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருப்பவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

எழுத்துப் பொறித்த ஓட்டை யாரும் பொடிக்கக் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. தேவைப்படுவது குவியலில் ஒதுக்கப்படும் மொட்டைச் சில்லு, அதிலும் வாய்விளிம்பு. குழம்பு கொதிக்கும்போது எண்ணெய் மேலே மிதப்பதால் கொழுப்பு விளிம்புப் பக்கமே அதிகம் ஊறுகிறது. குழியில் நிற்கும் நண்பர்கள் அப்படிச் சிலதை வெறுங்கை படாமல், கழுவாமல், மை எழுதாமல், பிளாஸ்டிக் பையில் போடாமல், அலுமினியத் தாளில் சுற்றித் தனியே எடுத்துவைக்கலாம்.