குசராத்தியில் விரிந்த எகர ஒகரங்களின் பிறப்பு

குசராத்தி மொழியில் எகர ஒகரங்கள் இருவகையாக ஒலிக்கின்றன. வாய் குறுகி ஒலிப்பன சில. வாய் விரிந்து ஒலிப்பன சில. இரண்டிற்கும் எழுத்து ஒன்றே. ஆங்கிலச் சொற்களை எழுதுதற்கு மட்டும் தனிக்குறி உண்டு. ஆதலின் ஏட்டைக் கண்ணால் மட்டும் காண்பார்க்கு இவ்வேறுபாட்டின் வரலாறு புலப்படாது.

விரிந்த ஒலிகள் வடமொழி ஐகார ஔகாரங்களின் எச்சம் எனக் கருதத் தோன்றும். அது பொருந்தாது. 'தைல', 'மௌக்திக' என்பன பிராகிருதத்திலேயே 'தெல்ல', 'மொத்திஅ' எனத் திரிந்து, குசராத்தியில் 'தேல்' (எண்ணெய்), 'மோதீ' (முத்து) எனக் குறுகிய ஒலியே பெற்றன. ஔகாரம் இல்லாத 'சதுஷ்க' என்பதோ இடைநின்ற தகரம் கெட்டு, 'சஉக்க' என நின்று, விரிந்த ஒகரமுடைய 'சோக்' ஆயிற்று. (நம் 'சதுக்கம்' என்பதும் அவ் வடசொல்லின் வழித்தே.) மெய் கெட்டமையால் அடுத்தடுத்து நின்ற அஇ, அஉ என்பனவே விரிந்த ஒலிகளுக்குத் தாயாம்.

அவை விரிந்த முறை பற்றி அறிஞரிடையே பூசல் எழுந்தது. அஇ, அஉ என்பன முதலில் அய, அவ எனத் திரிந்து, பின்னரே விரிந்தன என்றார் நரசிங்கராவ் திவேட்டியா (1859–1937). பழைய மேலை இராசத்தானியின் இலக்கணத்தை 1914 முதல் 1916 வரை வெளியிட்ட தெசித்தோரி (1887–1919) அவ்விடைநிலையை மறுத்தார். 'வசன' என்பது 'வயண' ஆகி, விரிந்த எகரமுடைய 'வேண்' (சொல்) ஆயினமை திவேட்டியாவிற்குத் துணைசெய்வது போலும். ஆயின், அய என்பதும் விரியக்கூடும் என்பதையே அது காட்டும். அஇ அவ்வழியே சென்றது என்பதைக் காட்டாது. 'பஇசஇ' என்பது 'பேசே' (அமர்கிறான்) ஆயிற்று. அதன்கண் முதல் அஇ விரிந்தது; ஈற்று அஇ குறுகியது. இவ்வேறுபாட்டிற்குச் சொல்லில் நின்ற இடமே காரணமாதல் சாலும். இடையில் ஒரு படி வேண்டா. ஏட்டில் அய என்னும் வடிவம் காணப்படினும், அது எழுதுவோன் புதிய ஒலிக்குத் தேடிய குறியாகலாம். அகரத்தின்பின் வரும் யகர மெய்யும் ஐகாரம்போல் நிற்கும் எனத் தொல்காப்பியர் கூறியதை அறிந்த நமக்கு இது புதிதன்று. தெசித்தோரி கொள்கையே ஏற்புடைத்து என்பது எம் துணிபு.

இகர உகரங்களின் குறில் நெடில் வேறுபாடு பேச்சில் மறைந்து எழுத்தில் மட்டும் நிற்பதும் ஈண்டுக் கருதத்தகும். ஹகரம் உயிரோடு கலந்து மூச்சொலியாகிய வரலாறு, பிரபோத பண்டிதர் 1957இல் ஆராய்ந்த பொருள். அது தனியே விரித்துரைக்கற்பாலது.