தடுப்பை எப்போது எடுப்பது?

பெரிய பன்றிப் பண்ணைகளில் பால் மறக்கும் நாள் குட்டிகளுக்குக் கொடிய நாள். தாய் பிரிகிறது, தீனி மாறுகிறது, போதாததற்கு முன்பின் பழகாத குட்டிகளோடு ஒரே கொட்டிலில் அடைபட நேர்கிறது. எது பெரியது, எது அடங்கிப்போவது என்று முடிவாகும்வரை ஓரிரு நாள் தோளையும் காதையும் கடித்துக் குதறிக்கொள்கின்றன. இதைத் தணிக்க இருட்டிய பின் கலப்பதும் மயக்கமூட்டும் மருந்து போடுவதும் உண்டு. இரண்டும் பெரும்பாலும் சண்டையைத் தள்ளிப்போடுகின்றனவே தவிரத் தீர்ப்பதில்லை. மருந்தின் வேகம் குறைந்ததும், வரிசை முடிவாகாத குட்டிகள் மறுபடி மோதுகின்றன.

இவற்றைவிட நம்பத்தக்க வழி, பால்குடிப் பருவத்திலேயே பக்கத்துக் கொட்டில்களின் தடுப்பை எடுத்து, இரண்டு மூன்று ஈற்றுக் குட்டிகளைப் பழகவிடுவது. காட்டுப்பன்றியும் கூட்டத்தைவிட்டு விலகிக் கூடு அமைத்து ஈன்று, ஏறத்தாழ 10 நாள் கழித்தே குட்டிகளோடு கூட்டத்துக்குத் திரும்புகிறது. அந்த வயதில் மோதல் சிறிது, தாயும் உடன் இருக்கிறது. இப்படி வளர்ந்த குட்டிகள் பிறகு முற்றிலும் புதியவற்றைச் சந்தித்தாலும் விரைவில் வரிசையை முடித்துக்கொள்கின்றன என்பதுதான் ஆய்வுகள் காட்டும் முக்கியமான செய்தி. அவை ஒன்றையொன்று அறிந்துகொள்வதோடு, எப்போது பின்வாங்குவது என்பதையும் கற்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008/120 ஆணையும், கலப்பதானால் இயன்றவரை இளம் வயதில், பால் மறப்பதற்கு முன்போ அடுத்த ஒரு வாரத்துக்குள்ளோ கலப்பதே நல்லது என்கிறது. மயக்க மருந்தை விதிவிலக்கான நிலைகளில், கால்நடை மருத்துவரைக் கேட்ட பிறகே அது அனுமதிக்கிறது.

குட்டிகள் அடுத்த தாயிடம் பால் திருடும் என்று பண்ணையாளர்கள் தயங்குவதில் நியாயம் உண்டு. ஆனால் எந்தக் காம்பு யாருக்கு என்பது முதல் வாரத்திலேயே பெரிதும் முடிவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு தடுப்பை எடுத்தால் திருட்டு குறைவு. நோய் பரவும் என்ற எதிர்ப்புக்கு இவ்வளவு எளிதாக விடை சொல்ல முடியாது. கழிச்சல் கண்ட கொட்டிலின் தடுப்பை எடுக்கவே கூடாது.

இம்முறையின் எல்லையும் தெளிவானது. வால் கடித்தல் இதனால் நிற்காது. கிளறித் தேட வைக்கோல் இல்லாமை, நெரிசல், கெட்ட காற்று, தீனித்தொட்டிப் போட்டி ஆகியவற்றால் வளர்வது அது. அதைவிட எனக்குக் கவலை தருவது, முன்பே பழக்கிய குட்டிகளையும் எடைவாரியாகப் பிரித்து மறுபடி மறுபடி கலக்கும் வழக்கம். ஒரே அளவுள்ள குட்டிகளைச் சேர்த்தால் அமைதி வரும் என்பது தவறான கணிப்பு. வலிமை சமமாக இருக்கும்போது எதுவும் எளிதில் விட்டுக்கொடுக்காது, சண்டை நீள்கிறது; பிரித்துச் சேர்த்த சில வாரங்களில் எடை வேறுபாடும் திரும்பிவிடுகிறது. விற்பனைக்கு ஒரே அளவு தேவை என்பார்கள். அதற்காகக் கூட்டத்தைக் கலைக்க வேண்டியதில்லை, எடை வந்தவற்றை முதலில் அனுப்பலாம். ஒவ்வொரு கலப்பும் உண்டான வரிசையைக் கலைத்துக் காயங்களைப் புதிதாகத் தொடங்கிவைக்கிறது. ஆகவே, தடுப்பை எடுக்கும் பண்ணை, அன்று உருவான கூட்டத்தைக் கடைசிவரை பிரிக்காமல் வைத்திருக்கவும் கொட்டில்களைத் திட்டமிட வேண்டும்.