‘அசல்’ என்கிற அடைமொழி

ஆரியங்காவைத் தாண்டிப் புனலூர் ரோட்டில் இருக்கும் ஒரு கள்ளுக்கடையைச் சமீபத்தில் புதுப்பித்திருக்கிறார்கள். கடையின் பெயர் இங்கே வேண்டாம். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நூலில் கட்டிய பேனாவோடு கிடக்கும் வருகையாளர் கருத்துப் புத்தகத்தைப் பற்றித்தான் எழுத உத்தேசம். தமிழில் இன்று ‘விமர்சனம்’ என்ற பெயரில் நடமாடுவது என்ன என்று யாராவது என்னைக் கேட்டால், ஒரு கட்டுரையையோ கருத்தரங்கையோ காட்டமாட்டேன். அந்தப் புத்தகத்தைக் காட்டுவேன்.

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் ஐந்தருவியில் குளித்த கூட்டத்தில் ஒரு பகுதி பாலருவிக்கும் தென்மலைக்கும் போகும். போகிற வழியில் இந்தக் கடை. எனவே புத்தகத்தில் பாதி தமிழ், மீதி மலையாளமும் ஆங்கிலமும். மலையாளத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கிற அளவுக்கு எல்லைப்புறத்துக்காரனான எனக்குப் பழக்கம் உண்டு. எல்லாப் பக்கங்களையும் வாசித்தேன். கழிப்பறை சுத்தமாக இருக்கிறது என்கிறார்கள். குடும்ப அறை வசதி, பெண்களையும் தைரியமாக அழைத்து வரலாம் என்கிறார்கள். மூங்கில் தட்டி ஜோடனை ‘பாரம்பரியமாக’ இருக்கிறதாம். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் பிரமாதம், கரிமீன் விலை அதிகம், பரிமாறுகிறவர் சிரித்த முகம், வண்டி நிறுத்த இடம் போதாது. கள்ளைப் பற்றிய வரிகள் மூன்றோ நான்கோ தேறும். அவற்றிலும் ஒன்று புளிக்கிறது என்ற குற்றச்சாட்டு. எழுதியவர் பதநீரை எதிர்பார்த்து வந்திருக்க வேண்டும்.

இந்த மனிதர்களைக் கிண்டல் செய்வது சுலபம், செய்தால் நமக்கு ஒரு சௌகரியமான உயரமும் கிடைக்கும். ஆனால் சுத்தமான கழிப்பறை அற்பமான விஷயமில்லை. பழைய கடையை எனக்குத் தெரியும். கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் ‘கள்ளு’ என்று மட்டும் எழுதியிருக்கும். உள்ளே ஓலைத்தடுப்பு, ஆடும் பெஞ்சு, வாய்கழுவும் இடத்தில் வழுக்கும் பாசி. ஒரு பெண் அங்கே நுழைந்து உட்கார்ந்திருக்க முடியாது. அந்த அழுக்கை ‘யதார்த்தம்’ என்று கொண்டாடுகிற இலக்கிய நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் வீட்டுக் குளியலறைகளில் வழவழவென்று ஓடு பதித்திருக்கிறது. என் பிரச்சினை வேறு. ஒரு பண்டத்துக்காகவே இருக்கிற இடத்துக்குப் போய், அந்தப் பண்டத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றி அபிப்பிராயம் சொல்ல நமக்கு எப்படி முடிகிறது?

இங்கிலாந்தைச் சேர்ந்த நான்கு பேர் 1971-ல் பியருக்காக ஒரு இயக்கம் தொடங்கினார்கள். அங்கே பழைய முறைப்படி பியர் மரப்பீப்பாயிலோ உலோகப் பீப்பாயிலோ உயிருள்ள ஈஸ்ட்டோடு கடைக்கு வரும். கடையின் நிலவறையில் கிடந்து அந்தப் பீப்பாய்க்குள்ளேயே மேலும் நொதிக்கும். கையால் இழுக்கும் பம்பு வழியாக, பனிக்குளிர்ச்சி இல்லாமல் பதினொன்று பன்னிரண்டு டிகிரியில், கோப்பைக்கு வரும். பீப்பாயைத் திறந்துவிட்டால் மூன்று நாளைக்குள் தீர்க்க வேண்டும். பெரிய கம்பெனிகளுக்கு இது ஒத்துவரவில்லை. வடிகட்டி, சூடாக்கி ஈஸ்ட்டைக் கொன்று, கரியமில வாயுவை ஏற்றி, எந்த ஊரிலும் எந்த நாளிலும் ஒரே ருசியாக இருக்கும் ஒரு திரவத்தைக் கொண்டுவந்தார்கள். அதற்கு எதிர்ப்பாக வந்ததுதான் அந்த இயக்கம். 1973-ல் தன் பெயரைச் சற்று மாற்றி ‘ரியல் ஏல்’ இயக்கம் ஆயிற்று. மறுவருஷம் எந்த ஊரில் எந்தக் கடையில் போய் உட்காரலாம் என்று வழிகாட்டிப் புத்தகமும் போட்டார்கள்.

இந்த ‘ரியல்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். போலி வருகிற வரையில் அசலுக்கு அடைமொழி கிடையாது. அது வரைக்கும் ஏல் வெறும் ஏல், கள் வெறும் கள். நம் ‘சிறுபத்திரிகை’யும் அப்படி வந்த சொல்தான். லட்சக்கணக்கில் விற்கிற பத்திரிகைகள் வந்திராவிட்டால் செல்லப்பா 1959-ல் ஆரம்பித்த ‘எழுத்து’ வெறும் பத்திரிகையாகவே இருந்திருக்கும். அடைமொழி ஒட்டிக்கொண்டதும் ஒரு ஆபத்தும் ஒட்டிக்கொள்கிறது. அசலாக இருப்பதைவிட அசலாகத் தோன்றுவது மலிவு. புதுப்பித்த கடையில் இரும்புத் தகட்டுக் கூரையின்மேல் ஓலை வேய்ந்திருக்கிறார்கள். மழையைத் தடுப்பது தகடு. ஓலை நமக்காக.

ஜார்ஜ் ஆர்வெல் 1946 பிப்ரவரியில் ‘ஈவினிங் ஸ்டாண்டர்ட்’ பத்திரிகையில் தன் மனசுக்குப் பிடித்த மதுக்கடையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பி.ஏ.யில் ஆர்வெல்லின் யானையைச் சுட்டுவிட்டு வந்தவர்கள் இதைப் படித்திருக்கமாட்டார்கள். அந்தக் கடைக்குப் பத்து குணங்கள் சொல்கிறார். கடைசியில், அப்படியொரு கடையே இல்லை, பத்தும் சேர்ந்த கடை தனக்குத் தெரியாது என்று கையை விரிக்கிறார். என் வாதத்துக்கு அவர் சாதகமான சாட்சி அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். பியரைத்தான் முதலில் சொல்வது இயல்பு என்று ஒப்புக்கொண்டுவிட்டு, தன்னை இழுப்பது கடையின் சூழல்தான் என்கிறார் அவர். அப்படியானால் கருத்துப் புத்தகத்தில் மூங்கில் தட்டியைப் புகழ்ந்தவரும் ஆர்வெல்லும் ஒரே கட்சிதானா?

இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆர்வெல்லின் சூழல் மனிதர்களால் ஆனது. பேச முடிகிற அளவு அமைதி; வானொலி கிடையாது; தினமும் அதே நாற்காலிக்கு வந்து பியரைப் போலவே பேச்சையும் நாடுகிறவர்கள்; பெயர் தெரிந்து விசாரிக்கிற பணிப்பெண்; குழந்தைகள் ஊஞ்சலாடப் பின்பக்கத் தோட்டம். அங்கே சூழல் என்பது பலவருஷ வாடிக்கையின் படிவு. கருத்துப் புத்தகத்தின் சூழலோ ஒரு காண்ட்ராக்டர் மூன்று மாசத்தில் முடித்துக் கொடுத்தது. ஒருமுறை வந்துபோகிறவன் அதில் கழிப்பது ஒரு மணி நேரம். பின்னாளில் இங்கிலாந்தில் ஒரு மதுக்கடைச் சங்கிலி, ஆர்வெல் இல்லை என்று சொன்ன அந்தக் கடையின் பெயரையே எடுத்துத் தன் பல கடைகளுக்குச் சூட்டிக்கொண்டது. இல்லாத ஒன்றைப் பற்றிய ஏக்கத்தைக்கூடப் பலகையில் எழுதி மாட்டிவிடலாம் என்பது வியாபாரத்தின் சாமர்த்தியம்.

வருகையாளர் கருத்து என்பது தமிழுக்குப் புதிதல்ல. நம்மிடம் அதற்கென்றே ஒரு இலக்கிய வகை இருந்தது. ஆற்றுப்படை அதுதான். ஒரு இடத்துக்குப் போய் உண்டு, குடித்து, பரிசு பெற்றுத் திரும்புகிறவன், எதிரே வருகிறவனிடம் நீயும் போ என்று வழி சொல்கிறான். பத்துப்பாட்டில் சரிபாதி இந்த வகை. இன்றைய கருத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? சொல்கிறவன் யார், எவ்வளவு பசியோடு போனான் என்பது ஆற்றுப்படையில் தெரியும். கேட்கிறவனும் அதே பசி உள்ளவன், பெரும்பாலும் அதே தொழில்காரன். வழியில் ஒவ்வொரு நிலத்திலும் என்ன கிடைக்கும் என்பது அந்த நிலத்தைப் பொறுத்தது. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்தில் மீனும் தேறலும் கிடைக்கும் என்றால், அது கடற்கரை என்பதால். அங்கே கிடைப்பது உள்நாட்டில் கிடைக்காது. எங்கும் ஒரே ருசி என்று யாரும் உறுதி தருவதில்லை. புகழ்ச்சி மிகைதான், வள்ளலுக்குச் செய்கிற கைம்மாறும்தான். ஆனாலும் அந்த மிகைக்கு ஒரு வாய் உண்டு, வயிறும் உண்டு. கருத்துப் புத்தகத்தில் வாயே இல்லை.

ஏன் இல்லை? எல்லைக்கு இந்தப் பக்கத்தவர்களைப் பொறுத்தவரை இதற்குக் காரணம் உண்டு, வருஷத்தோடு சொல்லலாம். செங்கோட்டை 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்ப் பக்கம். இன்று புளியரைக்கு அப்பால் கள் சட்டப்படியான பானம், இப்பால் குற்றம். தமிழ்நாட்டில் 1971-ல் கடைகள் திறந்தன, சில வருஷங்களில் மூடின, 1981-ல் மறுபடி திறந்தன. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. பனைமரம் அதே மரம், பாளை அதே பாளை. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் நொதிக்காது. அது பதநீர், அனுமதி உண்டு. தடவாவிட்டால் கள், தண்டனை உண்டு. ஒரு விரல் சுண்ணாம்பில் நிற்கிறது சட்டம். மறுபுறம் 2003-லிருந்து சீமைச் சரக்கை அரசாங்கமே சில்லறையில் விற்கிறது. (குடியின் கொடுமையை நான் மறந்து பேசுவதாக யாரும் கடிதம் எழுத வேண்டாம். திருக்குறளின் தொண்ணூற்று மூன்றாம் அதிகாரம் எங்கள் வீட்டிலும் இருக்கிறது. கவுண்டரில் உட்கார்ந்து, மாசச் சம்பளம் மறுநாளே வழித்து எடுக்கப்படுவதைப் பார்க்கிறவன் நான்.) நான் சொல்ல வருவது மொழியைப் பற்றி. கள்ளுக்கு இருந்த சொற்கள் ருசியையும் நேரத்தையும் சொன்னவை: இளங்கள், அந்திக்கள், முந்தின நாள் கள், பனங்கள், தென்னங்கள். அரசாங்கக் கடையின் சொற்கள் அளவைச் சொல்கிறவை: குவார்ட்டர், ஆஃப், கட்டிங். சொல் போனால் நாக்கும் போகிறது. தமிழ்நாட்டிலிருந்து போகிறவன் புத்தகத்தில் கழிப்பறையைப் பற்றி எழுதுகிறான் என்றால், அதற்குத்தான் அவனிடம் சொற்கள் மிச்சம் இருக்கின்றன.

நண்பர் ஒருவருடைய பெரியப்பா ஆலங்குளத்துப் பக்கம் பனையேறியவர். 1981-க்கும் 86-க்கும் இடையில் கள் இறக்கியிருக்கிறார், அதற்கப்புறம் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சினார். எழுபதைத் தாண்டிய பிறகும் முழங்கையிலும் மார்பிலும் காய்ப்புத் தெரியும். அவரையும் அந்தக் கடைக்கு அழைத்துப் போயிருந்தோம். ஒரு வாய் குடித்து, கொஞ்ச நேரம் நாக்கில் வைத்திருந்துவிட்டுச் சொன்னார்: “தென்னங்கள்ளுதான் தம்பி. நேத்து அந்திக்கு எறக்குனது. இங்கன உள்ளது இல்ல, வண்டியில குலுங்கி வந்துருக்கு. கெட்டுப்போகல, ஆனா களைச்சிருக்கு.”

கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்திலிருந்து வண்டியேறி வருகிறது என்பது பரவலாகத் தெரிந்ததுதான். பெரியவருக்கு அது தெரியாது. பரிமாறுகிறவரிடம் கேட்டோம். மறுக்கவில்லை, சிரித்தார். ‘களைச்சிருக்கு’ என்ற ஒரு சொல்லில் பண்டம், நேரம், தூரம், கையாண்ட விதம், தரம் எல்லாம் வந்துவிட்டன. பிடித்தது, பிடிக்கவில்லை என்று அவர் சொல்லவே இல்லை. நான் விமர்சனம் என்று கருதுவது இதை.

இங்கே குற்றாலத்துக்காரர் ஒருவரை இழுக்காமல் முடியாது. ரசிகமணி டி.கே.சி. கம்பனை நாக்கால் வாசித்தவர். பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி, சப்புக்கொட்டி, இது கம்பன், இது யாரோ கலந்தது என்று பிரித்தார். ஆயிரக்கணக்கான பாடல்களை இடைச்செருகல் என்று தள்ளினார், சில இடங்களில் பாடத்தையே திருத்தினார். அதே திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வையாபுரிப் பிள்ளையோ ஏட்டுப்பிரதிகளை ஒப்பிட்டு, சொல்லின் வயதைப் பார்த்து, சாட்சியம் இல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்காதவர். ஒருவர் நாக்கு, மற்றவர் பரிசோதனைச்சாலை. நம் வட்டாரத்தில் இந்த இருவரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, ஒருவர் பக்கம் நின்றுகொள்வது வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. கள்ளில் குளோரல் ஹைட்ரேட் கலந்தால் அதை நாக்கு மட்டும் வைத்துப் பிடிக்க முடியாது, சோதனைச்சாலை வேண்டும். எந்தச் சோதனைச்சாலையும் ‘களைச்சிருக்கு’ என்று சான்றிதழ் தராது, அதற்கு நாக்கு வேண்டும். டி.கே.சி.யின் கோளாறு நாக்கை நம்பியதில் இல்லை. தன் நாக்குக்குப் பிடிக்காததைக் கம்பன் எழுதியிருக்க முடியாது என்று முடிவுகட்டியதில் இருக்கிறது. பெரியவர் அந்தத் தப்பைச் செய்யவில்லை. களைத்த கள்ளையும் கள் என்றே சொன்னார்.

இந்த இரண்டு வழியுமே இல்லாத மூன்றாவது ஒன்று இன்று நம்மிடையே செழிக்கிறது. சமீபத்தில் வந்த கவிதைத் தொகுதிகளுக்கு எழுதப்பட்ட மதிப்புரைகளை எடுத்துப் பாருங்கள். அட்டை நேர்த்தி, தாள் உயர்ரகம், எழுத்துப்பிழை இல்லை, முன்னுரை கனமானது, கவிஞர் பழக இனியவர், வெளியீட்டு விழாவுக்கு நல்ல கூட்டம், விலைதான் சற்று அதிகம். கழிப்பறை, மூங்கில் தட்டி, சிரித்த முகம், கரிமீன். கவிதையைப் பற்றி ஒரு வரி வந்தால் அது புரியவில்லை என்பதாக இருக்கும். அது புளிக்கிறது என்பதன் மறுபதிப்பு. எதிர்முகாமிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. அங்கே ‘அசல் கவிதை’ என்ற பலகை தொங்குகிறது. உள்ளே தகட்டுக் கூரை.

கள்ளுத் தடையை நீக்க வேண்டும் என்ற கோரிக்கை தமிழ்நாட்டில் அவ்வப்போது எழுகிறது. விவசாயிகள் கேட்கிறார்கள், பனையேறிகள் கேட்கிறார்கள். நியாயம் இருக்கிறது. ஒருநாள் அது நடந்தாலும் ஆலங்குளத்தில் முதலில் எழப்போவது மூங்கில் தட்டியும் குடும்ப அறையும் கருத்துப் புத்தகமும்தான். மரம் ஏற ஆள் கிடைப்பது அதற்கப்புறம். ஏறத் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. பாளையை இடுக்கியால் பதமாக நசுக்குவதற்கும், வேளை தவறாமல் மெல்லிசாகச் சீவுவதற்கும் கை பழக வருஷங்கள் ஆகும். விழுந்தால் உயிர் போகும். பெரியவரின் பேரன் கோயம்புத்தூரில் வேலையாக இருக்கிறான். கள் குடித்ததில்லை. பதநீர் குடித்திருக்கிறான், பிளாஸ்டிக் பாட்டிலில்.